விட்ட இடத்திலிருந்து ஓடாதீர்கள்!

மார்கழி மாதம் காலை ஐந்து மணிக்குத் திருக்கோவிலூரில் விழித்திருப்பவர்களை ஐந்து ரகமாகப் பிரிக்கலாம். உலகளந்த பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்று. வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் இரண்டு. பால்காரர்கள் மூன்று. போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மி செலக்‌ஷனுக்கும் தயாராகிற பையன்கள் நான்கு. ஐந்தாவது ரகம், மேற்படி நாலு பேரையும் பாரபட்சமில்லாமல் துரத்தும் தெரு நாய்கள்.

ஆறாவதாகவும் ஒரு ரகம் உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏனென்றால், பொங்கலுக்கு முன்பே காணாமல் போய்விடும்! "மறுபடியும் ஓட ஆரம்பிச்சிருக்கேன் சார்..." ரகம். தலையில் மங்கி குல்லா, கழுத்தில் மஃப்ளர், ஓரத்தில் பசை விட்டுப்போன பழைய ஷூ, முன்பு தொளதொளவென்று இருந்து இப்போது தொப்பையைக் கவ்விப் பிடிக்கிற டி-ஷர்ட். வயது முப்பதிலிருந்து நாற்பதுக்குள். ஆபீஸில் உட்கார்ந்த வேலை. இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான். அடியேனும் அந்தச் சங்கத்தில் ஆயுள் சந்தா கட்டியவன்.

ஓடுகிறவர்களிலேயே இரண்டு கட்சி உண்டு. தார் ரோட்டில் ஓடுகிறவர்கள் ஒரு கட்சி. ஏரிக்கரை, ஒற்றையடிப் பாதை, பாறை, காடு, மலை என்று ஓடுகிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாவதற்கு ட்ரெயில் ரன்னிங் என்று பெயர். இதற்கென்று சர்வதேச சங்கமே இருக்கிறது. ஓடும் பாதையில் தார், சிமென்ட் சமாசாரம் கால் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. நம் ஊராட்சி ரோடுகள் இருக்கிற லட்சணத்தில், முக்கால்வாசி ரோடு தானாகவே தேறிவிடும். பி.காம். படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம் ட்ரயல் பாலன்ஸ்தான். அதில் இரண்டு பக்கமும் சரியாக வராவிட்டால் ஆடிட்டர் முறைப்பார். ட்ரெயிலில் இரண்டு பக்கமும் சரியாக வராவிட்டால் முட்டி பெயரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஓட்டத்துக்கு எங்கள் ஊர் லேசுப்பட்ட ஊர் இல்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி ஆண்ட பூமி. கேட்டவர்களுக்கெல்லாம் குதிரையைத் தானமாகக் கொடுத்த மனுஷன்! அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பெயர். (இப்போது அதே ஊரில் நண்பரிடம் பைக்கை அரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள், பெட்ரோல் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.) தென்பெண்ணை ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது கபிலர் குன்று. பாரியின் உயிர் நண்பர் கபிலர் கடைசியாக உயிர்விட்ட இடம் அது என்பார்கள். அவர் இங்கே தீப்புகுந்த கதையை ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்றே சொல்கிறது. வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1896-ம் வருஷம், ஆகஸ்ட் மாதக் கடைசி. வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினான். விழுப்புரம் வந்ததும் கையில் இருந்த சில்லறை மாம்பழப்பட்டு வரைக்கும்தான் ரயிலுக்குப் போதுமானதாக இருந்தது. அங்கே இறங்கி, சுமார் பத்து மைல் நடந்தே அறையணிநல்லூர் வந்து சேர்ந்தான். அந்த ஊர்தான் திருக்கோவிலூருக்கு நேர் எதிர்க்கரையில், பாறை மேல் கோயிலோடு நிற்கும் இன்றைய அரகண்டநல்லூர். பிறகு கீழையூரில் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் சாப்பாடு போட்டார். பையன் காதில் இருந்த கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கி, அடுத்த நாள் ரயிலேறினான். செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலை. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் சொன்னது அந்தப் பையனைத்தான். பத்து மைல் என்றால் பதினாறு கிலோமீட்டர். ஸ்போர்ட்ஸ் ஷூ இல்லை, தண்ணீர் பாட்டில் இல்லை, கையில் மணிக்கட்டு வாட்ச் இல்லை. இன்றைக்கு நாலு கிலோமீட்டர் ஓடிவிட்டு நாற்பது பேருக்கு போட்டோ அனுப்புகிறோம்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஓட்டம் ஏன் நிற்கிறது? வில்லன் யாரும் வேண்டியதில்லை. வாழ்க்கையே போதும். என் கேஸில், மார்ச் இயர் எண்டிங்கோடு நின்றது. நாலு கடைக்குக் கணக்கு எழுதிக்கொண்டு நடுநடுவே பத்திரிகைக்கும் எழுதுகிறவனுக்கு மார்ச் மாதம் மூச்சு விடுவதே ஓட்டம்தான். ஏப்ரல், மே வெயிலில் எங்கள் ஊர்ப் பாறை மேல் தோசை வார்க்கலாம். ஜூனில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. பரிசோதனை, பைபாஸ், இன்ஷூரன்ஸ் பேப்பர், மருந்துச் சீட்டு என்று நாட்கள் போயின. ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழி பிறந்தபோது எண்ணிப் பார்த்தால் எட்டரை மாசம்!

எட்டரை மாசத்தில் உடம்பு என்ன ஆகியிருக்கும்?

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு மெஷினுக்குத் தேய்மானம் போட இரண்டு வழி உண்டு. நேர்கோட்டு முறையில் வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழிப்போம். குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் வருஷம் பெரிய தொகையாகப் போகும், அப்புறம் வரவரக் குறையும். உடம்பு இரண்டாவது முறையில்தான் கணக்கு எழுதுகிறது. 1984-ல் எட்வர்ட் காயில் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், நன்றாகப் பயிற்சி எடுத்துவந்த ஏழு பேரைப் பிடித்து 84 நாள் பயிற்சியே இல்லாமல் இருக்க வைத்தார்கள். (ஆராய்ச்சிக்காகச் சும்மா இருக்கும் உத்தியோகம்! நமக்கெல்லாம் கிடைக்காது.) உடம்பு உச்ச வேகத்தில் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்தார்கள். ஓட்டக்காரனின் நிகர மதிப்பு அதுதான். முதல் மூன்று வாரத்தில் 7 சதவிகிதம் காலி. 56-ம் நாள் 16 சதவிகிதம். அதன் பிறகு 84-ம் நாள் வரை கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிட்டது. அப்போதும் அவர்கள், என்றைக்குமே ஓடாதவர்களைவிட ஒரு படி மேலேதான் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் மளமளவென்று குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. ரத்தத்தின் அளவு குறைகிறது, அதனால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற அளவும் குறைகிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட அது அடிக்கடி துடிக்கிறது. முன்பு சர்வசாதாரணமாக ஏறிய மேட்டில் இப்போது நெஞ்சு தவில் வாசிப்பது இதனால்தான். நல்ல சேதி, போன வேகத்திலேயே இது திரும்பியும் வரும். ஓட ஆரம்பித்த பத்துப் பதினைந்து நாளில் வித்தியாசம் தெரியும்.

இதைவிட சுவாரசியமான கதை ஒன்று டல்லாஸில் நடந்தது. 1966-ல் இருபது வயது வாலிபர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். எழுந்தபோது அந்த ஆக்ஸிஜன் திறனில் கால் பங்குக்கு மேல் காணோம். அதோடு விட்டார்களா? முப்பது வருஷம் கழித்து, 1996-ல் அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது. உடம்பில் கொழுப்பின் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. (குடும்பஸ்தன் என்றால் அப்படித்தான்.) அளந்து பார்த்தால் ஆச்சரியம்! முப்பது வருஷ வயது செய்த சேதாரத்தைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதாரம்தான் அதிகம். அதற்கப்புறம் ஆறு மாசம் நடை, மெது ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து பேரும் சராசரியில் தங்கள் இருபது வயது அளவை, அதாவது படுக்கையில் தள்ளப்படுவதற்கு முன்பிருந்த அளவை, மறுபடி எட்டிப் பிடித்துவிட்டார்கள்!

"அப்ப பிரச்னையே இல்லையே, நாளைக்கே ஓடறேன்" என்று ஷூ லேஸைக் கட்டாதீர்கள். ஆறு மாசம் என்பதைக் கவனியுங்கள்.

உடம்பு ஒரே கம்பெனி இல்லை சார். பல பார்ட்னர்கள் சேர்ந்த கூட்டு வியாபாரம். ரத்தமும் இதயமும் சுறுசுறுப்பான பார்ட்னர்கள். ரெண்டு, மூணு வாரத்தில் "நாங்க ரெடி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தசை அடுத்த பார்ட்னர். ஆனால் எலும்பும், குதிகாலுக்கு மேலே விரைப்பாக இருக்கிற அந்தக் கெட்டி நாணும் இருக்கிறதே, பழைய காலத்துப் பெரியவர் மாதிரி. எதற்கும் அவசரப்பட மாட்டார். மாசக்கணக்கில் எடுத்துக்கொள்வார். மூன்றாவது வாரம் மூச்சு வாங்கவில்லை என்ற சந்தோஷத்தில் நாம் வேகத்தைக் கூட்டுவோம். பெரியவரைக் கேட்காமல் போட்ட கையெழுத்து அது. மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைத்ததும் குதிகால் நாண் சுருக்கென்று பேசும். மறுபடி ஓடத் தொடங்குகிறவர்களில் பலர் பொங்கலுக்குள் காணாமல் போவதற்கு சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. பாதிப் பேர் நொண்டிக்கொண்டு போகிறார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத் தமாஷாக எழுத எனக்கு வரவில்லை.

1993-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த 1,200-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். வலி வருவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ கடுமையாக உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, அந்தக் கடும் உழைப்பு நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு சும்மா இருக்கும் நேரத்தைப் போல 2.4 மடங்குதான். வாரத்துக்கு ஒரு தடவைகூட செய்யாதவர் திடீரென்று மூச்சு முட்ட உழைத்தால்? 107 மடங்கு! ஒரு தனி மனிதனுக்கு ஒரு மணி நேரத்தில் ஆபத்து மொத்தத்தில் மிக மிகச் சின்னது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் சின்னது யாருக்கு நூறு மடங்காகிறது பாருங்கள். ஓடுகிறவனுக்கு அல்ல. ஓடிக்கொண்டிருந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு.

ஜிம் ஃபிக்ஸ் என்று ஒருவர். 1977-ல் அவர் எழுதிய ஓட்டப் புத்தகம் அமெரிக்காவையே ஷூ மாட்ட வைத்தது. 1984 ஜூலையில், வெர்மான்ட்டில் ஓடப்போன இடத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 52. "பாத்தியா, ஓடினாலும் செத்துப் போறான்" என்று சாய்வு நாற்காலிக்காரர்கள் இன்றுவரை அவரைத்தான் இழுக்கிறார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, ஃபிக்ஸின் அப்பா 43 வயதிலேயே இதய நோயில் இறந்தவர் என்பதை. பரம்பரைச் சொத்தில் எது வருகிறதோ இல்லையோ, இது வரும்.

அப்பாவின் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது நாள், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அப்பாவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பையனா? என்ன வயசு?"

"முப்பத்தாறு டாக்டர்."

"செக்கப் பண்ணிட்டீங்களா?"

"நான் ஓடுவேன் டாக்டர்..."

"எப்ப கடைசியா ஓடினீங்க?"

அப்பா கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அவருக்கு என் பதிலைக் கேட்கிற ஆவல்!

ஈ.சி.ஜி., ட்ரெட்மில் டெஸ்ட், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாம் பார்த்தாயிற்று. கொலஸ்ட்ரால் மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. "ஓடலாம். ஆனா இதுவரைக்கும் ஓடாத ஆள் மாதிரி ஆரம்பிங்க" என்றார் டாக்டர். அப்பா, அண்ணன், சித்தப்பா யாருக்காவது ஐம்பத்தைந்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்திருந்தால், சர்க்கரையோ பிரஷரோ இருந்தால், சிகரெட் பிடிக்கிறவராக இருந்தால், முதல் ஓட்டம் லேபுக்கு இருக்கட்டும். மழைக்காலத்தில் டெங்குவோ, வைரஸ் காய்ச்சலோ வந்து போயிருந்தால் இன்னொரு எச்சரிக்கை. சில காய்ச்சல்கள் இதயத் தசையைத் தொட்டுவிட்டுப் போகும். காய்ச்சல் விட்ட மறு வாரமே மலையேறக் கூடாது. படியேறினால் படபடப்பு, நெஞ்சில் பாரம், மயக்கம் என்று எது இருந்தாலும் டாக்டர் சொன்ன பிறகுதான் ஷூ.

அப்புறம் எப்படித்தான் ஆரம்பிப்பது? ஜெஃப் காலோவே என்று ஒருவர், 1972 ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காகப் பத்தாயிரம் மீட்டர் ஓடியவர். அவர் பிரபலமாக்கிய வழி, ஓட்டத்துக்கு நடுவே வேண்டுமென்றே நடப்பது. களைத்த பிறகு நடப்பது அல்ல. களைப்பதற்கு முன்பே நடப்பது. நான் முதல் இரண்டு வாரம் வெறும் நடை. பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மொத்தமே அரை மணி. வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஆறாவது வாரம்தான் ஓட்டமும் நடையும் சமமாயின. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நண்பர், "என்ன சார், வண்டி அடிக்கடி ஸ்டாப்பிங் போடுது? டவுன் பஸ்ஸா?" என்றார். ஆமாம், டவுன் பஸ்தான். எக்ஸ்பிரஸ் பிரேக் டவுன் ஆனால் யார் தள்ளுவது?

வேகத்தை அளக்க வாட்ச் தேவையில்லை. ஓடும்போது பேச முடிய வேண்டும், அவ்வளவுதான். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாவிட்டால் துரத்தி வருகிற நாயை ஒரு முழு வாக்கியத்தில் திட்டிப் பாருங்கள். எழுவாய், பயனிலையோடு திட்ட முடிந்தால் வேகம் சரி. "டேய்... ச்சீ... போ..." என்று துண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள். (நாய் விஷயத்தில் இன்னொன்று: ஓட்டத்தை நிறுத்தி, அதன் பக்கம் திரும்பி நின்றாலே பெரும்பாலான நாய்களுக்கு சுவாரசியம் போய்விடும். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி.)

மண் பாதைக்காரர்களுக்கு ஒரு தனிச் சமாசாரம். எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், நடந்து சமாளித்துவிடலாம். காலைப் பதம் பார்ப்பது இறக்கம்! இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அந்த வேலையில் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படி இறங்கும்போதுதான் ஆபீஸே பார்த்துச் சிரிக்கும். ஆனால் இயற்கை இதிலும் ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஒரே ஒரு தடவை சின்ன இறக்கத்தில் மெதுவாக இறங்கிப் பழகிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அவ்வளவு வலிக்காது. தடுப்பூசி மாதிரி. அதனால் முதலில் ஏரிக்கரைச் சரிவு, பிறகு அரகண்டநல்லூர்ப் பாறை, கடைசியில்தான் மலை.

கணுக்காலையும் கவனிக்க வேண்டும். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகக் காத்துக்கொண்டிருக்கும். ஒற்றைக் காலில் நின்று பழகுவது இதற்கு நிரூபணமான வைத்தியம். காலையில் பல் தேய்க்கும்போது இந்தக் காலில் ஒரு நிமிஷம், அந்தக் காலில் ஒரு நிமிஷம். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "உலகளந்த பெருமாள் ஊர்ல பொறந்துட்டு ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு என்ன வெட்கம்?" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்.

மார்கழிக்கு வருவோம். எங்கள் சமவெளியில் குளிர் என்றால் இருபது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. ஐரோப்பாக்காரன் அதில் பனியனோடு திரிவான். ஆனால் ஓடுவதற்கு இதைவிட நல்ல சீசன் நம் ஊரில் கிடையாது. சித்திரையில் ஓடினால் இதயம் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது: தசைக்கும் ரத்தம், உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ரத்தம். மார்கழியில் ஒரு வேலை மிச்சம். தாகம் தெரியாதே தவிர, வியர்வை போகத்தான் செய்யும். கிளம்பும் முன் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு செம்பு.

இருட்டில் மட்டும் மண் பாதையில் இறங்காதீர்கள். சூரியன் எழுவதே ஆறரைக்கு மேல்தான். "டிசம்பர் 21-தானே நீண்ட இரவு, அப்புறம் சீக்கிரம் விடியுமே" என்று நினைப்போம். நம் பக்கத்தில் சூரியன் மிகத் தாமதமாக எழுவது பொங்கலை ஒட்டித்தான்! அதுவரை ஆறே முக்காலுக்குப் போனால் போதும். ஆபீஸுக்கு நேரமாகும் என்றால் வாரநாளில் தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமை மண் பாதை என்று பிரித்துக்கொள்ளலாம். மழை முடிந்த பாறையில் பச்சைப் பாசி இருக்கும். பனி விழுந்தால் எண்ணெய் தடவிய மாதிரி. சீமைக் கருவேல முள் எந்தக் கம்பெனி ஷூவையும் மதிக்காது. போகியன்று மட்டும் தயவுசெய்து போர்வைக்குள் இருங்கள். குளிர் காலையில் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக்கிடக்கும். ஊர் முழுக்க எரித்த பழைய பாயையும் டயரையும் உங்கள் நுரையீரலில் சேமிக்க வேண்டாம்.

அப்புறம் பாம்பு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்று நால்வரும் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். குளிர் காலையில் அவற்றுக்கு சுறுசுறுப்பு குறைவு. வெயில் விழும் இடத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு கிடக்கும். ஒற்றையடிப் பாதைதான் அதற்கு வசதி. காலடி அதிர்வு கேட்டு விலகுகிற அவசரமெல்லாம் கண்ணாடி விரியனுக்குக் கிடையாது. பார்த்து ஓடுவது நம் பொறுப்பு. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் உட்கார்ந்து 108-க்குப் போன். அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஓட்டக்காரன் கண்டிப்பாக ஓடக்கூடாத சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

ஆற்றையும் நம்பக்கூடாது. முக்கால்வாசி நாள் தென்பெண்ணையில் மணலும் கோரையும்தான். அந்த நம்பிக்கையில் ஆற்றுக்குள்ளேயே ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால் 2024 டிசம்பர் 2-ம் தேதி அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் இதே ஆற்றில் வந்தது. கரையோர ஊர்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்க்கும்போது வாசலில் ஆறு! அணையில் தண்ணீர் திறக்கும் சேதியைப் பார்க்காமல் மார்கழியில் ஆற்றுப் பாதையில் இறங்குவதில்லை என்று நாங்கள் சிலர் வைத்துக்கொண்டிருக்கிறோம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்ப்பேட்டைக்கு அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு வருவார். ஆறு எப்படி இருக்கிறதென்று அன்றைக்கு ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும்.

நாலாவது ரகத்துப் பையன்களைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். அதற்காக ரோட்டோரத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலில் ஓடுகிற பையன்களை இந்த வட்டாரம் முழுக்கப் பார்க்கலாம். நமக்கு ஓட்டம் என்பது தொப்பை. அவர்களுக்கு அது வேலை, தங்கை கல்யாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது. ஒரு நாள் என் பக்கத்தில் ஓடிவந்த பையன் கேட்டான்: "அண்ணா, நீங்க எந்த செலக்‌ஷனுக்கு?" வயதைப் பார்த்தும் இப்படி மரியாதையாகக் கேட்ட அவனுக்கு முதல் தேர்விலேயே வேலை கிடைக்கட்டும். "ஹார்ட் டாக்டர் செலக்‌ஷனுக்குப்பா" என்றேன். புரியாமல் சிரித்துவிட்டுப் பறந்துவிட்டான்.

எட்டு வாரம் இப்படி ஒழுங்காக வந்தால், தை மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குப் போகலாம். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணையைத் தாண்டினால் மலை ரோடு. மேலே பொதுவாக இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் அடி உயரம். வெள்ளிமலைதான் மலையின் தலைமை ஊர். இங்கே இருக்கும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம். பெயர்தான் அப்படி. ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து இந்த மலை அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல்தான். நாடு சுதந்திரம் அடைந்து இருபத்தொன்பது வருஷம் கழித்து!

மலையில் ஊருக்கு ஊர் போகிற பாதைகளில் ஓடலாம். காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். இதைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மாட்டிக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் நம்மைப் போல ஆபீஸ் வேலை பார்த்த இளைஞர்கள், பெண்கள். பிப்ரவரிக்குப் பிறகு காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். அதனால்தான் தை மாசம் என்றேன். மாசி பிறந்தால் மலையைக் கும்பிட்டுவிட்டு ஏரிக்கரைக்குத் திரும்பிவிட வேண்டும்.

வெள்ளிமலைப் பக்கம் நான் போன அன்று நல்ல பனி. ஏற்றத்தில் நடை, சமதரையில் ஓட்டம், இறக்கத்தில் சின்னச் சின்ன அடி. எட்டரை மாசத்துக்குப் பிறகு முதல் மலை. ஆறு கிலோமீட்டரில் எனக்கே கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. எதிரே மரவள்ளிக் கிழங்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி வெறுங்காலோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏன் தம்பி ஓடியார? பஸ்ஸ வுட்டுட்டியா?"

"இல்ல பாட்டி. சும்மாத்தான்... உடம்புக்கு நல்லதுன்னு ஓடறேன்."

"சும்மாவா?"

"ஆமா பாட்டி."

பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூட்டையை இறக்கி என் காலடியில் வைத்தாள்.

"அப்ப சும்மா ஓடாத. இதையும் எடுத்துக்க. பஸ் நிக்கிற எடத்துல வச்சிட்டு இரு, நான் பின்னாலயே வரேன்."

இருபது கிலோவாவது இருக்கும். ஒன்றே கால் கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது குறுக்குப் பாதையில் வந்துவிட்ட பாட்டி, புளிய மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.